பச்சை நோட்டுக் கணக்கு

பாக்கியவதி அத்தை செத்த நாற்பதாம் நாள்
சேமநிதியிலிருந்து கடிதம் வந்தது.
எனக்கில்லை. தம்பி குணசீலனுக்கு.
நாற்பத்தொரு வயதில்
நல்ல சேதியோடு அவனுக்கு வந்த முதல் கடிதம்.

முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.
இருபத்தாறு வருஷம்
ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்துச் சேர்த்தது.
ஒருவரிடமும் மூச்சு விடாமல்
வாரிசுக் கட்டத்தில் அவன் பெயரை எழுதியிருக்கிறாள்,
கடைசி எழுத்தை விட்டுவிட்டு.

சீலனிடம் சொன்னேன்.
"எல்லாம் பச்சையா?" என்றான்.

சனிக்கிழமை தவறாமல்
ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில்
லிப்ட் ஓடாத நாளிலும் எட்டு மாடி ஏறி வந்து
அவன் உள்ளங்கையில் வைத்து
விரல்களை மூடிவிட்டுப் போவாள்
ஒரே ஒரு ஐந்து வெள்ளி.
அவனுக்கு அதுதான் பணம்.
சிவப்பும் ஊதாவும்
யாரோ வரைந்த படம்.

"உன் பேருக்கு மாத்திடு.
கேட்டா ஒண்ணும் இல்லேன்னு சொல்லிடு"
என்றார் என் வீட்டுக்காரர்.
பேசும்போதே மோட்டார்சைக்கிள் சாவி
விரலில் சுழன்றது.
மூன்று மாதத் தவணை பாக்கி.
அவர் கெட்டவர் இல்லை.
எனக்கும்தான் அன்றிரவு
தூக்கம் வரவில்லை.

சமூகநல இலாகாவில் வருஷத்துக்கு ஒருமுறை
இவன் இன்னும் ஏழைதானா என்று பார்ப்பார்கள்.
குணமாகிவிட்டானா என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

மாசம் நானூற்றைம்பது.
அதில் அரிசி, மைலோ, பயிற்சி மையத்து வேன்,
நான் பாயான் லெப்பாஸ் ஷிப்டுக்குப் போகும் இரவுகளில்
இவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்
அடுத்த வீட்டு ஆ லான் அக்காவுக்கு எண்பது.

"மாற்றம் ஏதும் உண்டா?"
புவான் ரோஸ்னானி பேனாவைத் திறந்தாள்.
நான் வாயைத் திறந்தேன்.
பேனா நின்றது.
"கீழே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.
அப்புறம் கேட்கிறேன்."
அது இரக்கமா, எச்சரிக்கையா,
முகத்தில் எழுதியிருக்கவில்லை.

கோப்பிக்கடையில்
ரசீதின் முதுகில் வகுத்துப் பார்த்தேன்.
நானூற்றைம்பதால் வகுத்தால் எண்பத்தைந்து மாதம்.
அரசாங்கம் நகர்ந்துகொள்ளும்,
ஏழு வருஷத்துச் சொச்சம்
செத்துப்போன அத்தை இவனுக்குச் சோறு போடுவாள்.
பிறகு நாற்பத்தெட்டு வயதில்
இதே வரிசையில் இவன் நிற்க வேண்டும்,
மறுபடி ஏழையாகிவிட்டேன் என்ற அத்தாட்சியோடு.

வாரம் ஒரு பச்சை என்று வகுத்தால்
நூற்று நாற்பத்தேழு வருஷம்.

அத்தை போட்டது இந்தக் கணக்கு.

அவள் பாரம் எதையும் படித்தவள் இல்லை.
எனக்குக் கொடுத்திருந்தால்
ஒரு கேள்வியும் வந்திருக்காது.
எனக்குக் கொடுத்திருந்தால்
இந்நேரம் அந்தச் சாவிக்குப் பாக்கியும் இருந்திருக்காது.
அது அவளுக்குத் தெரியாதா என்ன?

மேலே போனேன். சொன்னேன்.
பன்னிரண்டு வெள்ளி வரைக்கும் சொன்னேன்.
புவான் ரோஸ்னானி மெதுவாக எழுதினாள்,
"மறுபரிசீலனைக்கு அனுப்பணும்,
முடிவு என் கையில் இல்லை" என்றாள்,
மைப்பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.
கையெழுத்துத் தெரியாத கட்டைவிரல்
நீலத்தில் நனைந்து
தாளில் ஒருமுறை அழுந்தி எழுந்தது.
துடைக்கக் காகிதம் நீட்டினேன்.
வேண்டாமாம்.

இருநூற்று நான்கில் ஏறினோம்.
எதன்மேலும் பட்டுவிடக் கூடாதென்று
விரலை நிமிர்த்தியே பிடித்துக்கொண்டு வந்தான்.
எதிர் இருக்கைச் சீனப் பெரியவர்
ஒரு நொடி பார்த்தார்,
காய்கறிப் பையை மடியில் வைத்தார்,
சிரித்து
தன் கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார்.